ஐஸ் பெட்டிக்கு வந்த சீக்கு

ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் கட்டிவிட்டதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த முதல் ஆள் போடிநாயக்கனூரில் நானாகத்தான் இருப்பேன். யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். பக்கத்துக் கடையில் ஒரு ஏலக்காய் வியாபாரி இருந்தார். என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குக் காலைப் பலகாரம் செரிக்காது. "ஏ மாப்ளே, ஐஸ் பொட்டியில ஐஸ் கட்டாம பின்ன இட்லியா வேகும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கலர் சோடா பாட்டிலை அவர் மேலேயே வீசியிருப்பேன். பாட்டில் என்னுடையதாகப் போனதால் பேசாமல் கீழே வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. என் அண்ணன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் பறிப்பு நடக்கும் மாதங்களில் நான்தான் அங்கே ஸ்டோரில் கிடப்பேன். ஸ்டோர் என்றால் பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் வீடு. வெளியே மழையும் அட்டையும், உள்ளே புகையும் அனலும். எனக்கு அந்த வேலை தெரியும், ஆனால் பிடிக்காது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒழுங்காக ஒரு மாதம் தேறுமா என்பது சந்தேகம். மலையில் காய்ச்சல் என்பதால் பெண்களை மேலே கூட்டிக்கொண்டு போகிற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. நான் கீழே இறங்கி வந்தால் அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். எங்களுக்குள் வெட்கம் தெளிந்து பேச ஆரம்பிக்கும்போது எனக்கு மறுபடி லாரி வந்துவிடும்.

இப்படியே போனால் கிழடான பிறகுதான் குடித்தனம் நடத்த முடியும் என்று எனக்குப் பட்டது. அண்ணனிடம் கெஞ்சி, கோபித்து, சாப்பிடாமல் படுத்து, கடைசியில் கடைவீதியில் ஒரு கலர் கடை வைக்கச் சம்மதம் வாங்கினேன். முன்னால் கடை, பின்னால் வீடு. மதுரையில் ஒரு ஹோட்டலில் தள்ளிவிட்ட கண்ணாடிக் கதவு வைத்த கரண்டு ஐஸ் பெட்டியை அண்ணனே வாங்கிக் கொடுத்தார். ஆள் உயரம், உள்ளே ஒரு பல்பு, பின்சுவர் முழுக்க வளைந்து வளைந்து போகிற குழாய். கீழ்த்தட்டில் கலர் பாட்டில்கள், மேல்தட்டில் நானே காய்ச்சி ஊற்றிய பால் ஐஸ். அந்தப் பெட்டியைப் பார்க்கவே பொட்டிபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள் என்பது வேறு விஷயம்.

பெட்டியை இறக்கிய அன்றைக்கே அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு, ஆனி முடியிற வரைக்கும் பாப்பேன். பொட்டி ஒழுங்கா வேல செஞ்சு கடை ஓடுச்சுன்னா நீ இங்கனயே இரு. இல்லேன்னா பொட்டியத் தள்ளிவிட்டுட்டு ஆடியில மேல ஏறு. ஸ்டோருக்கு ஆளு வேணும். அப்புறம் சாக்குச் சொல்லக்கூடாது."

கதவுக்குப் பின்னால் நின்று அவளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனி, சித்திரையெல்லாம் பெட்டி சொன்னபடி கேட்டது. வைகாசி முடிவில் மலைப்பக்கமிருந்து ஈரக்காற்று இறங்க ஆரம்பித்ததும் சீக்குப் பிடித்தது. முதலில் குழாய் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன்; பெட்டி நன்றாகக் குளிர்கிறது என்று நினைத்தேன். அந்த வெள்ளை நாளுக்கு நாள் தடித்தது. குழாயே தெரியாமல் மூடி, தட்டைப் பிடித்து, பாட்டில் கழுத்து வரைக்கும் வந்தது. கண்ணாடி மங்கி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, இத்தனை ஐஸ் கட்டியும் மேல்தட்டில் ஊற்றிய பால் உறையவில்லை, பாயசம் போலத் தளதளவென்று நின்றது. குளிர் பெட்டிக்குள் குளிர் இல்லை, ஆனால் மலை மாதிரி ஐஸ் இருக்கிறது. இது என்ன நியாயம் என்று யாரைப் போய்க் கேட்பது?

ஏலக்காய் ஸ்டோரில் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஸ்டோருக்குள் ஈரம் முட்டினால் சன்னலைத் திறந்துவிட வேண்டும். ஆவி வெளியே போகும், காய் உலரும். மலையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பெட்டிக்குள்ளும் ஈரம் முட்டிவிட்டது, அது வெளியே போக வழியில்லாமல் குழாயில் ஒட்டிக்கொண்டது என்று நானாகக் கணக்குப் போட்டு, கதவிடுக்கில் ஒரு குச்சியைக் கொடுத்து, மத்தியானம் முழுக்க விரலளவு திறந்து வைத்தேன். ஈரம் ஓடிவிடும் என்று பெஞ்சில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டேன். எழுந்து பார்த்தால் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஐஸ் இன்னும் வீங்கியிருந்தது. அந்தக் குச்சியை நான் உடைத்த உடைப்பில் அடுப்புக்குக்கூட அது உதவவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்தார். மூட்டைக்குள் குத்திச் சாம்பிள் எடுப்பாரே, அந்தக் குத்தூசியோடு வந்தார்.

"நகரு மாப்ளே. நாலு குத்து குத்துனா பொலபொலன்னு கொட்டிரும்."

"வேணாண்ணே, உள்ள குழாய் இருக்கு."

"எத்தன மூட்டையக் குத்திருப்பேன், எங்கைக்கு அளவு தெரியாதா?"

சொல்லிக்கொண்டே ஒரு குத்துக் குத்திவிட்டார். நல்ல வேளையாக ஊசி ஐஸிலேயே சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. காலைப் பெட்டியில் முட்டுக் கொடுத்து இழுத்தார், ஊசி வந்தது. மனுஷனும் கூடவே வந்து தெருவில் உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேறு வழியில்லாமல் மதுரைக்குச் சொல்லியனுப்பி ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். மனுஷன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு கலர் குடித்தார். பெட்டியைச் சுற்றி வந்து ஒரு கலர் குடித்தார். மோட்டாரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, யோசிக்க வேண்டியிருக்கிறது என்று இன்னொன்று கேட்டார். கடைசியில் ஏப்பம் விட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பொட்டிக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. ஒங்க ஊருக் காத்துதான் சரியில்ல."

"என்னய்யா சொல்றீரு?"

"காத்துல ஈரம். கதவத் தொறக்கத் தொறக்க அது உள்ள போகுது. குழாயில பட்டதும் ஐஸாயிருது. குழாய் கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டா குளிரு எங்கிட்டு வெளிய வரும்? ஈரம் உள்ளயிருந்து வெளிய வரல மொதலாளி, வெளியயிருந்துதான் உள்ள போகுது."

என் ஸ்டோர் வைத்தியம் எவ்வளவு அழகானது என்று அப்போது விளங்கியது. குத்தூசிக் கதையைச் சொன்னதும் மெக்கானிக் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், அப்புறம் பெட்டியில் வேட்டி துண்டுதான் அடுக்க வேண்டும் என்றார். ஐஸை எடுக்க ஒரே வழிதான்: கரண்டை நிறுத்தி, சாமானை எல்லாம் வெளியே எடுத்து, கொதிக்கிற தண்ணீரைச் சட்டியில் வைத்து ஆவி பிடிக்கச் செய்து, துடைத்து, காயவைத்துப் பிறகு ஓட்ட வேண்டும். அதைச் செய்து காட்டினார். கதவு ரப்பரில் பேப்பர்த் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் பேப்பர் கிழிந்ததே தவிர உருவிக்கொண்டு வரவில்லை. ரப்பர் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

"அப்ப காத்து எந்த வழியா உள்ள போகுது?"

"அதக் கண்டுபுடிக்கிறது ஒங்க சோலி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். போகிற வழிக்கென்று கையில் ஒரு கலர்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். பெட்டி சாய்ந்திருக்கிறதோ, கதவு தானாகத் திறந்துகொள்கிறதோ என்று பெட்டியின் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தேன். பால் சூடாக இருக்கிறதோ என்று தொட்டித் தண்ணீரில் வைத்து ஆறவிட்டேன். வாங்க வந்தவர்களை விரட்ட ஆரம்பித்தேன். "என்ன வேணும்னு மொதல்ல சொல்லு, அப்புறந்தான் தொறப்பேன். தொறந்து வச்சுக்கிட்டு யோசிக்க இது என்ன சவுளிக்கடையா?" என்று கத்தினால் யார் வருவார்கள்? மஞ்சள் கலரைக் கேட்டுவிட்டு, நான் எடுத்ததும் சிவப்பாகக் கொடு என்ற ஒருவரிடம் "மஞ்சளையே குடிச்சிட்டுப் போங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதன் பிறகு எங்கள் கடை இருக்கும் பக்கமே நடப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு காலையில் ஆவி பிடித்துத் துடைத்தால் பெட்டி பளபளவென்று இருக்கும். சாயங்காலம் நான் பால்காரர் வீட்டுக்குப் போகும்வரை நல்லபடியாகவே இருக்கும். மறுநாள் விடிந்து பார்த்தால் குழாய் வெள்ளைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கும். அப்படியானால் நான் இல்லாத நேரத்தில் எவனோ திறக்கிறான். என் சந்தேகம் நேராகப் பக்கத்துக் கடைக்காரர் மேல் போனது. கேட்டும்விட்டேன்.

அவர் முகம் சிவந்துபோயிற்று. "ஏண்டா, ஏலக்கா யாவாரம் பண்றவன் ஒன் குச்சி ஐஸத் திருடித் திங்கவா சொவரேறிக் குதிப்பேன்? அதுவும் நீ போடுற ஐஸ! அதுல பாலு இருக்கான்னு முதல்ல பாரு!" அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கிண்டல் இல்லாமல் கடைவீதி வெறிச்சென்று ஆனது எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆனி பாதி போய்விட்டது. என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "சரியாயிருமாங்க?" என்பாள். "ஆகும், ஆகும்" என்று எரிந்து விழுவேன். கடை வைத்த இந்தச் சில மாதங்களில்தான் எங்களுக்குள் பேச்சே வந்திருந்தது. காய்கறி வாங்குவதில் சண்டை போட்டோம், வெற்றிலை மடித்துக் கொடுத்தாள், நான் குறட்டை விடுவதாகச் சொல்லிச் சிரித்தாள். இதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி அந்தப் புகை வீட்டுக்குள் போய்ப் படுக்க வேண்டுமா என்று நினைத்தாலே அழுகை வராத குறைதான்.

ஒரு நாள் சாயங்காலம் பால்காரர் வீட்டுக்குப் போனால் மாடு உதைத்துப் பால் கொட்டிவிட்டது என்றார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு உடனே திரும்பி வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். கடைக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடிக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அது மூடிக்கொள்ளாமல் இருக்க, கலர் பாட்டில் அடுக்கும் மரப்பெட்டி ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கிறது. எதிரே என் மனைவி குளித்து, பூ வைத்து, காமாட்சி விளக்கை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணை மூடி நிற்கிறாள். பெட்டிக்குள்ளிருந்து குளிர்ந்த புகை வழிந்து தரையில் இறங்கி அவள் பாதத்தைச் சுற்றிப் போகிறது.

எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கும்போது வாசக்கதவைச் சாத்த மாட்டார்கள். லட்சுமி வருகிற நேரம். மூடிய கதவைப் பார்த்தால் அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். எங்களுக்குச் சோறு போடுகிற வாசல் இந்தப் பெட்டியின் கதவுதான் என்று இவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள்.

கத்த வாயெடுத்தவன், அவள் முணுமுணுத்ததைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன்.

"ஆத்தா, ஒனக்குப் பொங்கல் வைக்கிறேன். அவர மட்டும் மேல அனுப்பிராத ஆத்தா."

பால் பாத்திரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் கண் திறந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் காலடிப் புகையைக் காட்டினாள். "வந்துட்டீகளா? பாருங்க, பாருங்க, அவ வர்றது தெரியுதுல்ல?"

"எத்தன நாளா நடக்குது இது?"

"பொட்டி வந்த நாள்லருந்து. மொதல்ல சும்மா கொஞ்ச நேரந்தான் தொறப்பேன். சீக்கு வந்ததுலருந்து வெளக்கு அணையிற வரைக்கும் தொறந்து வைக்கிறேன்."

பெட்டியின் சீக்கு கூடக் கூட இவள் வேண்டுதல் கூடியிருக்கிறது. வேண்டுதல் கூடக் கூடச் சீக்கு கூடியிருக்கிறது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மரப்பெட்டியை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து எடுத்த ஒரு பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அது வியர்த்து அவள் விரல் வழியே தண்ணீர் சொட்டியது.

"இந்தத் தண்ணி பாட்டிலுக்குள்ள இருந்தா வந்துச்சு?"

"மூடிதான் தொறக்கலையே."

"காத்துல இருந்து வந்துச்சு. கதவத் தொறந்தா இதேதான் குழாயில போய் ஒட்டி ஐஸாயிருது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி, மேலே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்ப நாந்தான் ஒங்கள மலைக்கு அனுப்பப் பாத்தேனா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்காக ஒருத்தி தினமும் சாமியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், அது தெரியாமல் ஊரெல்லாம் கள்ளனைத் தேடியிருக்கிறேன்.

ஆனாலும் லட்சுமியின் முகத்தில் கதவைச் சாத்த அவளுக்கு மனம் வரவில்லை. விளக்கைப் பெட்டியின் தலைமேல் வைக்கலாம், திறந்துதான் ஆக வேண்டுமென்றால் கல்லாப்பெட்டியைத் திறந்து வை என்றேன். "கல்லாவத் தொறந்து போட்டா லட்சுமி வர்றதுக்கு முன்னாடி பக்கத்துக் கடை அண்ணன் வந்துருவாரு" என்றாள். அழுத கண்ணோடு அவள் அதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் தெருக்கதவு இரண்டையும் விரியத் திறப்பது, பெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவானது. மறுநாள் கடைசியாக ஒரு தடவை ஆவி பிடித்தேன். அடுத்த நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் குழாய் குழாயாகவே இருந்தது. பால் ஐஸ் கல்லாக உறைந்திருந்தது. முதல் ஐஸை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் நீட்டினேன். அவர் வாங்கிக் கடித்து, "பாலு கொறச்சல்தான்" என்றார். சமாதானம் ஆகிவிட்டது.

பெட்டிக்குச் சீக்கு என்ற சேதி மலைவரைக்கும் போயிருந்தது. ஆனி முடிவதற்குள் அண்ணன் இறங்கி வந்தார். வந்த லாரி வழியில் நின்றுபோனதால் கடைக்கு வந்து சேரும்போது சரியாக விளக்கு வைக்கிற நேரம். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடியில் தட்டிப் பார்த்தார், முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி விளக்கோடு உள்ளேயிருந்து வந்தாள். என் அண்ணன் முன்னால் அவள் தலை நிமிர்ந்ததும் இல்லை, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.

அண்ணன் விளக்கைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"டேய், வெளக்கு வச்ச நேரத்துல தொழில் நடக்குற பொட்டிய அடச்சா வச்சிருக்க? அதான் வெளங்காமக் கெடந்திருக்கு. தொறடா!"

சொன்னதோடு நிற்காமல் தானே போய்க் கதவை அகலத் திறந்து, விளக்குக்கு வழிவிட்டு ஒதுங்கிக் கைகூப்பி நின்றார். குளிர்ப் புகை இறங்கியது. ஊரிலுள்ள அத்தனை பேரையும் பிடித்துக் கத்திய எனக்கு அண்ணனிடம் வாய் திறக்க வரவில்லை. "அண்ணே..." என்றேன், அவ்வளவுதான்.

என் மனைவி விளக்கைத் தரையில் வைத்தாள். நேராகப் பெட்டிக்குப் போனாள். அண்ணனின் கூப்பிய கைக்கு முன்னாலேயே கதவை இழுத்துச் சாத்தி, அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். தலையை நிமிர்த்தித்தான் பேசினாள்.

"தொறந்தா இவரு மலைக்குப் போயிருவாரு மாமா. நான் தொறக்க விட மாட்டேன்."

பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; அந்த மனுஷனுக்கே கிண்டல் வரவில்லை. அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூப்பிய கையைப் பிரித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு அவளிடம் கேட்டார்.

"எனக்கு ஒரு பால் ஐஸ் வேணும். தொறக்கலாமாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கதவிலிருந்து நகர்ந்து என்னைப் பார்த்து, "வெரசா எடுத்துட்டு மூடுங்க" என்றாள்.

வெரசாக எடுத்து மூடினேன். அண்ணன் பாதி ஐஸைத் தின்றுவிட்டு, "ஸ்டோருக்கு நான் வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார். என்னிடம் அல்ல, அவளிடம்தான் சொன்னார்.